அவித்த நெல்லின் சூடு

கல்யாணமாகி ஏழு மாதம் வரை, நான் இன்டர்மீடியட் முடிக்காதவன் என்பது தாணம்மாளுக்குத் தெரியாது. பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. பெண் பார்க்கப் போனபோது தரகர், "மாப்பிள்ள இன்டரு" என்றார். அவளுடைய அப்பா தக்கலையில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் என்னைப் பார்த்து, "இன்டர்ல என்ன குரூப்பு?" என்று கேட்டார். "நேச்சுரல் சயன்ஸ்" என்றேன். பாஸா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. காப்பி வந்தது. குடித்தேன்.

தாணம்மாளும் அதே குரூப்பு. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முதல் வருஷம் முடித்திருந்தாள். கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தக்கூடாது என்பது வாத்தியாரின் ஒரே நிபந்தனை. "மாப்பிள்ளையும் படிச்சவரு. சந்தேகம் வந்தா வீட்லயே கேட்டுக்கிடலாம்" என்று அவர் சபையில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சுசீந்திரத்தில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீடு. அப்பா விட்டுப்போன கொஞ்சம் வயல் குத்தகையில் இருந்தது. எனக்குக் கோட்டாற்றுப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் ராத்திரி ஷிப்ட். ஊறிய நெல்லை நீராவியில் அவிக்கும் கொட்டகையில் வால்வு திறந்து மூடுவது என் வேலை. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வருவேன். எட்டேகால் பஸ்ஸுக்கு அவள் கிளம்ப வேண்டும். இடையில் இருக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது. அதில் பாதி பாடம்.

அவள் அடுப்படியில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள். நான் சுவரில் சாய்ந்து புத்தகத்தைப் பிடித்துச் சரி பார்ப்பேன். ஒரு காற்புள்ளி விடமாட்டாள். ஆனால் நிறுத்தி, என்ன சொன்னாய் என்று கேட்டால் முழிப்பாள்.

"ஆக்சிஜன் இல்லாம சுவாசம்னு போட்டிருக்கு" என்றாள் ஒருநாள். "அது எப்பிடி? மூக்கப் பொத்திக்கிட்டு மூச்சு விடுகது மாதிரில்லா இருக்கு."

"மூச்சு வேற, சுவாசம் வேற. மூச்சு நெஞ்சுல நடக்கு. சுவாசம் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நடக்கு. சர்க்கரைய உடைச்சுச் சக்தி எடுக்கது. அதுல கொஞ்சம் சூடாப் போவும். காத்து கெடைக்காட்டி முழுசா உடையாது. பாதியில நின்னு சாராயமாயிரும்."

"பாத்திருக்கியளா?"

"தினமும் பாக்கேன். மில்லுத் தொட்டியில நெல்லு மூணு நாள் தண்ணிக்குள்ள கெடக்கு. அதுக்கு ஏது காத்து?"

அவள் கரண்டியோடு வந்து என் சட்டைத் தோளைப் பிடித்து முகர்ந்தாள். புளித்த கள் நாற்றம். கல்யாணமான நாளிலிருந்து அவள் மூக்கைச் சுளித்த நாற்றம்.

"இதா?"

"இதுதான்."

"அப்போ குடிக்காமலே குடிச்சவன் மாதிரி வாறது நீங்க இல்ல, நெல்லு" என்றாள். வந்ததும் குளிக்க விரட்டுகிறவள் அன்று விரட்டவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவள் மறக்கவும் இல்லை.

தை மாதம் பாடம் ரிக்கார்டு நோட்டுக்கு வந்தது. வருஷம் முழுவதும் செய்த பரிசோதனைகளை அதில் எழுதி, படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். பிராக்டிகல் இல்லாவிட்டால் மற்றதை எழுதியும் பிரயோஜனம் இல்லை. தாணம்மாளுக்கு ஒன்றுதான் பாக்கி.

"முளைச்ச நெல்லு நான் கெட்டி வச்சிருக்கேன்" என்றாள். "நாளைக்கு வரும்போ அவிச்ச நெல்லு ஒரு பிடி கொண்டுவாருங்க."

எந்தப் பரிசோதனை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பிளாஸ்க். ஒன்றில் முளைத்த விதை, மற்றதில் அவித்த விதை. இரண்டிலும் தெர்மாமீட்டர். உயிருள்ளது சுவாசிக்கும், சூடேறும். அவித்தது செத்தது, அப்படியே இருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததுதான். நான் கடைசியாகச் செய்தது.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மறுநாள் மில் களத்தில் காய்ந்து கிடந்ததில் இரண்டு பிடி அள்ளிக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் அவித்த நெல் என்றால் ஒன்றுதான். அவித்து, களத்தில் காயப்போட்டு, குத்துவதற்குத் தயாராக இருப்பது. எந்த வீட்டிலும் ஒரு சாக்கு இருக்கும். புத்தகத்தில் அவித்த விதை என்று இருந்தால் இங்கே யாரும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். மூலையில் இருக்கும் சாக்கில் கையை விடுவார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை நான் வந்தபோது அடுப்பு எரியவில்லை. தாணம்மாள் ரிக்கார்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவிச்ச நெல்லு சூடாயிட்டு" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"முளைச்சது முப்பத்துநாலு டிகிரி. அவிச்சது முப்பத்தாறு. ரெண்டையும் ஒண்ணுபோல நனைச்சு, ஒண்ணுபோல மூணு நாள் வச்சேன். நேசம்மாள் மிஸ் பாத்துட்டு, நீ பிளாஸ்க்க மாத்திக் குறிச்சிருக்கன்னாங்க. மாத்தலன்னேன். அப்போ திரும்பச் செய், திங்கக்கிழமை சரியான கணக்கோட வந்தாத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டாங்க. லேப்புல பிளாஸ்க்கும் கெடையாது. அடுத்த வகுப்புக்கு வேணுமாம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அவிச்சா என்சைம் செத்துப்போவும். என்சைம் இல்லன்னா சர்க்கரை உடையாது. உடையாட்டி சுவாசம் கெடையாது. சுவாசம் இல்லன்னா சூடு கெடையாது. சரிதானா?"

"சரிதான்."

"பொறவு எப்பிடி சூடாச்சு?"

"தெரியல."

"மத்த பிள்ளைகளுக்கெல்லாம் சரியா வந்திருக்கு. எப்பிடின்னு லீலாபாய்ட்ட கேட்டேன். ஏட்டி, எவ செஞ்சா, எங்கக்கா ரிக்கார்டப் பாத்து எழுதினேங்கா. தாறேன் வேணுமான்னு கேக்கா." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க உங்க ரிக்கார்டுல என்ன எழுதினிய?"

"ஞாபகமில்ல."

"கொஞ்சமாவது?"

"அஞ்சு வருஷமாச்சுட்டி. ஒறக்கம் வருகு."

பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். அவள் சேலை மாற்றும் சத்தம் கேட்டது. வாசலில் நின்று, "அப்போ லீலாபாய்ட்ட வாங்கிக்கிடுகேன்" என்றாள்.

"வாங்கிக்கோ" என்றேன் சுவரிடம்.

அன்று பகல் முழுவதும் தூங்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அவித்த நெல் சூடானது. நானும் வீட்டுச் சாக்கிலிருந்துதான் எடுத்துப் போனேன். தெர்மாமீட்டர் காட்டியதை எழுதினேன். அன்றைய விரிவுரையாளர் அதை வகுப்பில் உரக்க வாசித்து, "இவங்க ஊர்ல செத்தவங்களுக்கும் காய்ச்சல் அடிக்கும் போல" என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். மாற்றி எழுது என்றார். மாட்டேன் என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. பரீட்சையும் எழுதவில்லை. உண்மைக்காகப் படிப்பை விட்டவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டு ஐந்து வருஷம் போயிற்று. ஏன் சூடானது என்று மட்டும் ஒரு நாளும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அது உண்மை. நான் செய்தது வீம்பு.

வெள்ளிக்கிழமை விடியும் நேரம், ஷிப்ட் முடியப் போகிறது. களம் நிறைந்திருந்ததால் முந்தின நாள் அவித்த நெல்லைக் கொஞ்சம் ஈரத்தோடு கொட்டகை ஓரத்தில் குவித்துச் சாக்குப் போட்டு மூடியிருந்தோம். என்னோடு வேலை பார்க்கும் கோலப்பன் சாக்கைத் தூக்கி முழங்கை வரை கையை உள்ளே விட்டான்.

"சூடு பிடிச்சிட்டுலே பெருமாளு. இப்பமே பரத்தி ஆறவிடணும். முதலாளி பாத்தாருன்னா நம்மள அவிச்சிருவாரு."

நானும் கையை விட்டேன். உள்ளே காய்ச்சல்காரன் அக்குள் போல இருந்தது. இந்தச் சூட்டை மழைக்காலம்தோறும் தொட்டிருக்கிறேன். தொட்டுவிட்டு மண்வெட்டியை எடுப்பேன், அவ்வளவுதான். அன்று கையை எடுக்காமல் நின்றேன்.

"ஏலே கோலப்பா, இது செத்த நெல்லுதானல?"

"நாமதான கொன்னோம்."

"செத்தது எப்பிடிலே சூடாவும்?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவர்களைப் பற்றிய அவனுடைய அபிப்பிராயம் முழுவதும் இருந்தது.

"நெல்லா சூடாவுது? பூஞ்சணம் பிடிச்சு அதத் திங்கி. திங்கவனுக்குத்தான் சூடு. கல்யாண வீட்டுப் பந்தியில எலைக்கால வேர்க்கி? முன்னால இருந்து வெட்டுகவனுக்குல்லா வேர்க்கி."

ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நெல்லின் மூக்கில் வெள்ளையாக, பஞ்சு இழை மாதிரி. மோந்தேன். முளைத்த நெல்லின் வாசம் அல்ல. பழைய சாக்கின் வாசம். பூஞ்சணம் களத்துத் தூசியிலும் எங்கள் கால்களிலும் இருந்து வந்தது. ஈரம் கிடைத்ததும் எழுந்திருக்கிறது. பிளாஸ்க்குக்குள் அதற்கு மூன்று நாள் ஈரமும் சாப்பாடும் கிடைத்தது. தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் எழுதவில்லை. ஆனால் அது நெல்லின் சுவாசம் இல்லை.

"நீ பரத்து, நான் போறேன்" என்றேன்.

"போ, போ. பெண்டாட்டி பள்ளிக்கூடத்துக்குப் போற நேரமில்லா" என்றான் கோலப்பன் என் முதுகுக்கு.

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் என் ரிக்கார்டு நோட்டு இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். முளைத்தது முப்பத்துமூன்று, அவித்தது முப்பத்தைந்து. கீழே கையெழுத்து இல்லை.

அவள் நின்றபடியே வாசித்தாள். பின்னால் புரட்டினாள். வெறும் பக்கங்கள்.

"இதுக்குப் பொறவு?"

"இல்ல."

"பரீட்சை?"

"எழுதல."

"இன்டரு முடிக்கலியா?"

"இல்ல."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அவள் போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"அப்பாட்ட?"

"அவரு கேக்கல."

"நானும் கேக்கல" என்றாள். நோட்டை மறுபடி கையில் எடுத்து, "ஏழு மாசம் எனக்குச் சொல்லித் தந்தது?" என்றாள்.

"அது சரிதான். பாடம் தெரியும். பரீட்சைதான் எழுதல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். தக்கலைக்குப் போகிறேன் என்பாள் என்றும் நினைத்தேன். அவள் நோட்டை மூடி என் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"நேத்து இதக் காட்டிருந்தா நான் பஸ்ஸுல எல்லாரும் பாக்க அழுதிருக்க மாட்டேன். ஞாபகமில்லையாம். ஒறக்கம் வருகாம்."

அவளிடம் பூஞ்சணத்தைச் சொன்னேன். கோலப்பனின் பந்தியையும் சொன்னேன். எலைக்கா வேர்க்கும் என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு திடீரென்று புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தில் விரலை ஓட்டி நிறுத்தினாள். அவித்த விதையோடு சில சொட்டு பார்மலின் சேர்க்க வேண்டும், நுண்ணுயிர்கள் வளராமல் இருப்பதற்கு என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி.

"இத நான் நாப்பது தடவை ஒப்பிச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக. "நீங்களும் நாப்பது தடவை சரின்னு சொல்லிருக்கிய."

அன்று எட்டேகால் பஸ்ஸில் போனவள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். லேப் அட்டெண்டர் பொன்னுலிங்கம் ஒரு சின்ன மருந்துக் குப்பியில் பார்மலின் கொடுத்திருந்தார். தெர்மாமீட்டர் இரண்டு கேட்டதற்கு ஒன்றுதான் கிடைத்தது, உடைத்தால் தலை போகும் என்ற எச்சரிக்கையோடு. லீலாபாயின் அக்கா ரிக்கார்டும் பையில் இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

பிளாஸ்க்குக்குப் பதிலாக இரண்டு கலயம் எடுத்தோம். சூடு வெளியே போகாமல் இருக்க என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விஷயம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மில்லிலிருந்து அடுப்புக்காகக் கொண்டுவந்த உமி இரண்டு சாக்கு இருந்தது. இரண்டு ஓலைப் பெட்டியில் உமியைக் கொட்டி நடுவில் கலயத்தைப் புதைத்தேன்.

"அவிச்ச நெல்லு?" என்றாள்.

"களத்து நெல்லு வேண்டாம். முளைச்சதுலயே பாதியப் பிரி. அத இங்கயே அவிப்போம். அப்போதான் ரெண்டும் ஒரே நெல்லு. ஒண்ணு உயிரோட, ஒண்ணு செத்து. வேற வித்தியாசம் இருக்கக்கூடாது."

புதன்கிழமை சாயங்காலமே மறுபடி நனைத்து ஈரச் சாக்கில் கட்டிவைத்திருந்த முளையை அவள் சுளகில் தட்டி இரண்டாகப் பிரித்தாள். ஒரு மணியை எடுத்து உமி நீக்கி வாயில் போட்டு மென்றாள்.

"இனிக்கி."

"மாவு சர்க்கரை ஆவுது. டயஸ்டேஸ்னு ஒரு என்சைம்."

"இதுதானா அது?" இன்னொன்றை எடுத்து என் வாயில் திணித்தாள். இனித்தது. பல வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரு பெயர் அப்போதுதான் நாக்குக்கு வந்தது.

தண்ணீர் கொதித்தது. பாதி முளையை உள்ளே போட்டாள். வெள்ளை முளைகள் கண்ணெதிரே துவண்டன. "பாவம்" என்றாள். ராத்திரிக்கு நூறு மூட்டை அவிக்கிறவன் நான். ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. ஆறியதும் பார்மலின் விட்டாள். இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. கலயத்தின் வாயைப் பஞ்சால் அடைத்தோம். ஐந்து மணிக்கு நான் மில்லுக்குக் கிளம்பும்போது இரண்டிலும் இருபத்தேழு டிகிரி.

சனிக்கிழமை காலை வந்தேன். அவள் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு?"

"பாக்கல. நீங்க வரட்டும்னு இருந்தேன்."

"எப்பமிருந்து இங்க இருக்க?"

"அது எதுக்கு?"

முதலில் முளைத்த கலயம். பஞ்சை விலக்கித் தெர்மாமீட்டரை விட்டாள். முப்பத்துமூன்று. துடைத்து ஆறவிட்டு, அவித்த கலயத்தில் விட்டாள். பாதரசம் ஏறுகிறதா என்று இருவரும் குனிந்ததில் தலை இடித்துக்கொண்டோம். ஏறவில்லை. இருபத்தேழு. அவள் எழுதவில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றாள். அது சரி. எனக்கும் முதல் நாள் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முளைத்தது முப்பத்தாறு. அவித்தது இருபத்தேழு. தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அவள் வெறும் கையை முளைக்குள் விட்டாள். "தொட்டுப் பாருங்க" என்றாள். நானும் விட்டேன். கலயத்தின் வாய் சின்னது. இரண்டு கைகளுக்கு இடம் போதாது. எடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை நான் தூங்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவள் வரும் பஸ் சுசீந்திரத்தில் நிற்கும்போது, நான் கோட்டாறு போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நிற்பேன். வழக்கமாக ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொள்வதோடு சரி. அன்று அவள் ரோட்டைக் கடந்து வந்தாள்.

"போட்டாங்களா?"

"ரெண்டுக்கும் போட்டாங்க."

"எந்த ரெண்டு?"

"முதல்ல தப்பா வந்ததையும் கிழிக்காம வச்சேன். அதுக்குக் கீழ ஏன் சூடாச்சுன்னு எழுதினேன். பொறவு சரியா வந்தத எழுதினேன். நேசம்மாள் மிஸ் ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க பாளையங்கோட்டைக்காரங்க. நீங்கள்லாம் அவிச்ச நெல்லுன்னா களத்துலருந்தா எடுக்கியன்னு கேட்டாங்க. ஆமான்னேன். இத யாரு கண்டுபிடிச்சான்னாங்க. எங்க வீட்டுக்காருன்னேன்."

"சரி."

"அவரு என்ன படிச்சிருக்காருன்னு கேட்டாங்க."

என் பஸ் வந்து நின்றது.

"என்ன சொன்ன?"

"இன்டரு பாதியில விட்டவருன்னேன்" என்றாள். "ஏறுங்க, பஸ் போயிரும்."

ஏறினேன். நான் ஐந்து வருஷம் யாரிடமும் சொல்லாததை அவள் காய்கறி விலை சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள். கசந்தது. வழுக்கம்பாறையிலிருந்து வரும் ஒரு வியாபாரி பக்கத்தில் இருந்தார். நான் ஏறியதும் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். வழக்கமாக எனக்கு அது பிடிக்காது. அன்று அவருக்கு அந்த நாற்றத்தை விளக்கிச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

மறுநாள் காலை வந்தபோது என் பழைய ரிக்கார்டு நோட்டு பாயில் திறந்து கிடந்தது. நான் எழுதிய கடைசிப் பக்கத்துக்கு அடுத்த வெறும் பக்கத்தில், அவள் பென்சிலால் இலைத்துளை வரைந்து பழகியிருந்தாள். அதற்கடுத்த பக்கத்திலும். சுமாராகத்தான் இருந்தது.

"கேட்டு எடுத்திருக்கலாம்லா?" என்றேன்.

"உங்ககிட்ட கேட்டா அஞ்சு வருஷம் கழிச்சுல்லா பதில் வரும்" என்றாள் அடுப்படியிலிருந்து. "பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு."

நான் புத்தகத்தை எடுத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன்.

"முதல்ல குளிச்சிட்டு வாருங்க."